சரப சாஸ்திரியின் குழல் உணர்த்தும் பாடம்

தஞ்சைத் தரணியின் இசை வரலாறு தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மும்மூர்த்திகளோடு முடிந்துவிடுவதில்லை. 32 ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்து மறைந்த ஒருவருக்கும் அதில் தனி இடம் உண்டு. அவர் கும்பகோணம் புல்லாங்குழல் சரப சாஸ்திரி. 1872-இல் பிறந்து 1904-இல் மறைந்த அவர், சிறு பிராயத்திலேயே பார்வையை இழந்தவர்.

இன்று கர்நாடக இசை மேடையில் புல்லாங்குழல் தனிக்கச்சேரிக்கு உரிய வாத்தியம். அந்தத் தகுதியை அதற்குப் பெற்றுத் தந்தவர் என்று இசை உலகம் சரப சாஸ்திரியையே குறிப்பிடுகிறது. வாய்ப்பாட்டின் கமகங்களை மூங்கிலில் கொண்டுவருவது எளிதன்று. வீணைக்கலைஞர் தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைக்கலாம். குழலில் அதற்கு வழியில்லை. துளைகளை முழுமையாகவும் பாதியாகவும் மூடித் திறந்து, மூச்சின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்த அசைவை உண்டாக்க வேண்டும். இதனை நுணுகி ஆராய்ந்து, கர்நாடக இசைக்கேற்ற வாசிப்பு முறையை வகுத்தார் சாஸ்திரி. அவருடைய மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் அம்முறையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சென்றார்.

பார்வையற்ற ஒருவர் இத்தகைய சாதனை நிகழ்த்தினால், கண்ணைப் பறித்த இறைவன் காதைக் கூர்மையாக்கினான் என்று சொல்லி நிறைவடைவது நம் வழக்கம். அந்தச் சொல்லில் கனிவு இருக்கலாம்; ஆனால் ஒரு மனிதரின் உழைப்பையும், அந்த உழைப்புக்கு இடமளித்த சூழலையும் அது மறைத்துவிடுகிறது.

சூழல் என்ன? குழலை உதட்டோரம் குறுக்காகப் பிடித்து வாசிப்பவர், பார்வை உள்ளவராயினும் துளைகளைப் பார்த்து வாசிப்பதில்லை. விரல் நுனியே அவருக்கு வழிகாட்டி. கற்பிக்கும் முறையும் அப்படியே. குரு பாடுவார், சீடர் கேட்டுத் திருப்பிப் பாடுவார், ஏடு இரண்டாம்பட்சம். ஆகவே, கருவியும் சரப சாஸ்திரியை விலக்கவில்லை, கல்வி முறையும் விலக்கவில்லை. பார்வையுள்ள மாணவரும் பார்வையற்ற மாணவரும் ஒரே தளத்தில் நிற்கக்கூடிய அரிய துறை அவருக்கு வாய்த்தது. மற்றதை அவரது உழைப்பு பார்த்துக்கொண்டது.

அவர் இசையை விடுத்துக் கணிதத்தை நாடியிருந்தால்? அதே கும்பகோணத்தில், அவருடைய இறுதி ஆண்டுகளில், சீனிவாச ராமானுஜன் நகர உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். 1903-ஐ ஒட்டி அவர் கைக்கு வந்த, கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவரது வாழ்வின் திசையையே மாற்றியது. அந்த நூல் சரப சாஸ்திரியின் கையில் கிடைத்திருந்தால் வெறும் காகிதக் கட்டாகவே இருந்திருக்கும். ஊர் ஒன்று, காலம் ஒன்று. இருவருக்கும் இடையிலான வேறுபாடு அறிவில் இல்லை. அச்சிட்ட பக்கத்தில் இருந்தது.

அந்த வேறுபாட்டைக் களையும் வழியோ முன்பே கண்டறியப்பட்டிருந்தது. பிரான்ஸில் சிறுவயதிலேயே பார்வையிழந்த லூயி பிரெய்ல், ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்து முறையை 1829-இல் வெளியிட்டார். தேர்ந்த ஆர்கன் கலைஞரான அவர், இசைக்குறியீடுகளையும் அதில் சேர்த்திருந்தார். அதற்கு 43 ஆண்டுகள் கழித்தே சரப சாஸ்திரி பிறந்தார். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 1890-இல் தோன்றியபோது அவருக்கு வயது 18. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை ஏற்கப்பட்டதோ 1951-இல். கருவி கண்டறியப்படுவது ஒன்று. அது மாணவரின் கைக்கு வந்து சேர்வது மற்றொன்று.

இன்றைய நிலை பெரிதும் மாறியிருக்கிறது. தஞ்சாவூரிலேயே பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளி இயங்குகிறது. கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ மென்பொருள், பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006-இல் தொடங்கிய முயற்சி; கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. நூல்களைப் பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் மாற்ற 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் இடமளிக்கிறது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா. சட்டம் வரையறுக்கும் அளவுக்குக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்களும் உரிய துணைக்கருவிகளும் இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

ஆயினும் ஒரு கல்லூரி மாணவர் தம் பாடக்குறிப்பைக் கணினியில் திறக்கும்போது, அது பக்கங்களைப் படமெடுத்துத் தொகுத்த கோப்பாக இருந்தால் திரைவாசிப்பான் மௌனமாகிவிடும். ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் பொருளற்ற ஒலிகளை உதிர்க்கும். வரைபடங்களும் சமன்பாடுகளும் விளக்கமின்றி இருந்தால் அவரால் அவற்றைத் தாண்டிச் செல்லத்தான் முடியும். இவற்றைச் சரிசெய்யப் பெரும் செலவு தேவையில்லை. பாடக்குறிப்பை ஒருங்குறியில் தட்டச்சு செய்வது, படத்தின் கீழ் நான்கு வரி விளக்கம் சேர்ப்பது ஆகியவை ஆசிரியரும் பதிப்பாளரும் அலுவலரும் நினைத்தால் இன்றே செய்யக்கூடியவை.

மேட்டூரில் திறக்கப்படும் நீர் கடைமடை வயலை எட்டினால்தான் டெல்டா உழவருக்கு நிம்மதி. சட்டமும் மென்பொருளும் அப்படித்தான். தமக்கு ஏற்ற கருவியும் கல்வி முறையும் அமைந்தது சரப சாஸ்திரியின் நற்பேறு. இன்றைய மாணவர் நற்பேற்றை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு அது உரிமை. அதைக் கடைமடை வரை கொண்டு சேர்ப்பதே, கும்பகோணத்தின் அந்தக் குழலுக்கு நாம் செய்யும் மரியாதை.