தளவாயும் எட்டு லட்சமும்

தலக்குளம் நாஞ்சில் நாட்டுத் தோழர்கள் அறியாத ஊரல்ல. வேலுத்தம்பி 1765-இல் பிறந்தது அங்கேதான். அவர் வாளெடுத்த கதையை ஊரே சொல்லும். அவரை உயர்த்தியதும் வீழ்த்தியதும் பணம் என்பதை நாம் சொல்கிறோம்.

போருக்கான பணத்தை ஒரே ஆண்டில் குடிகளிடம் கறந்துவிட முடியுமா? 1694-இல் பிரான்சோடு போரிட்ட இங்கிலாந்து வேறு வழி கண்டது. செல்வர்கள் கூடிப் பாங்கி ஒன்று தொடங்கினர். சர்க்காருக்கு 12 லட்சம் பவுன் கடன் தந்தனர். வட்டி நூற்றுக்கு 8. முதலுக்கு அவசரமில்லை, ஆண்டுதோறும் வட்டி வந்தால் போதும். அந்த வட்டிக்கு வரி கட்டியவன் யார்? உழைப்பவன்தான். ஆனாலும் சுமை பல ஆண்டுகளுக்குப் பரவியது. கிழக்கிந்தியக் கும்பினியும் சென்னையிலும் கல்கத்தாவிலும் கடன் பத்திரம் விற்றே படை நடத்தியது.

திருவிதாங்கூரில் அப்படியொரு பாங்கி ஏது? திப்புவோடு நடந்த போர் கஜானாவைத் துடைத்துவிட்டது. கும்பினிப் படைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டும்படி 1795 உடன்படிக்கை வேறு. 1798-இல் பட்டமேறிய பாலராம வர்மாவுக்கு வயது 16. ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன் ஆகிய மூவர் ஆட்சியைப் பிடித்தனர். வசதியுள்ளவர்களைப் பட்டியல் போட்டு, இன்னார் இவ்வளவு கட்டுக என்றனர். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. கட்டாதவனுக்கு அடி உண்டு.

இரணியல் காரியக்காரர் வேலுத்தம்பியின் பெயரும் பட்டியலில் ஏறியது. மூன்று நாள் தவணை கேட்டு ஊர் திரும்பினார். மீண்டும் போனபோது பணம் கொண்டு போகவில்லை, நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டிக்கொண்டு போனார்! 1799-இல் மூவரும் பதவியிழந்தனர். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரின் காதுகள் அறுக்கப்பட்டன. அந்தக் கொடுமையை நாம் மெச்சவில்லை.

பிறகு அதே காலிக் கஜானா தளவாயான வேலுத்தம்பியின் கைக்கே வந்தது. செலவைக் குறைக்க நாயர் படையின் படியில் கைவைக்க முனைந்தார். 1804-இல் படை கலகம் செய்தது. பட்டியலை எதிர்த்தவருக்குச் சிப்பாயின் சோற்றில் கைவைக்கும் நிலை! 1805 உடன்படிக்கை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்றது. பாக்கி ஏறிற்று. ரெசிடெண்ட் மெக்காலே விடாமல் நெருக்கினார்.

1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து தளவாய் நாட்டை அழைத்தார். பிப்ரவரி 10-இல் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. மண்ணடியில் அவர் உயிர் போயிற்று. உடலைத் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டனர். அவரை அடக்க வந்த படையின் செலவும் பழைய பாக்கியோடு சேர்ந்து திருவிதாங்கூர்க் கணக்கிலேயே எழுதப்பட்டது.