தனித்தொகுதி என்ற சொல்லும் இரட்டைமலை சீனிவாசனின் கோரிக்கையும்

ஐயங்கார்குளத்தில் வாழும் நாம் மக்களவைத் தேர்தலில் காஞ்சிபுரம் தனித்தொகுதியின் வாக்காளர்கள். 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையின்படி இத்தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தனித்தொகுதி என்னும் சொல் நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அதன் பின்னால், கேட்கப்பட்டு, அளிக்கப்பட்டு, பின்னர் பறிபோன வேறொரு உரிமை இருக்கிறது. அவ்வுரிமைக்காக இலண்டன் வரை சென்று வாதாடியவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் 1859 சூலை 7 அன்று பிறந்த நம் மண்ணின் மனிதர் அவர்.

நம் பகுதியின் தேர்தல் வரலாற்றைப் பேசுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்தே தொடங்குவர். புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு 2020இல் அடிக்கல் நாட்டியபோதும் அக்கல்வெட்டு நினைவுகூரப்பட்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகளை நாம் சட்டக் கண்கொண்டு படிக்க வேண்டும். வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை உடையவர் பெயரே குடத்தில் இடப்பட்டது. அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. அந்நிலத்தில் உழைத்தவர் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அதே வட்டாரத்தில் பிறந்த ஒருவர், சட்டம் இயற்றும் அவையில் எங்கள் குரலாக யார் இருப்பது, அவரை யார் தேர்ந்தெடுப்பது என்று கேட்டார்.

கேள்வியின் வேர் அவரது மாணவப் பருவத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் அவர் படித்தபோது உடன் பயின்ற ஏறத்தாழ 400 பேரில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர் என்று 1939இல் வெளியான அவரது தன்வரலாறு பதிவு செய்கிறது. சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் பிற மாணவரோடு கலந்து விளையாடாமல் ஒதுங்கி நின்றார். நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய பின் 1890இல் சென்னை வந்தார். மறைத்துக்கொள்ள நேர்ந்த அதே பெயரை 1893 அக்டோபரில் தம் இதழுக்குச் சூட்டினார். நான்கு பக்க மாத இதழாகத் தொடங்கிய ‘பறையன்’ பின்னர் வார இதழாகி 1900 வரை வெளிவந்தது. பறையர் மகாசன சபையும் அக்காலத்தில் உருவானது.

இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரசார் கோரிய காலம் அது. கல்வியில் முந்தியிருந்த சாதியினரே அப்பதவிகளைக் கைப்பற்றுவர் என்று கருதிய சீனிவாசன் அதை எதிர்த்து 3,412 பேரின் கையெழுத்துடன் 112 அடி நீள விண்ணப்பம் ஒன்றைப் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இதற்காகவும், பின்னாளில் அரசு வழங்கிய ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களுக்காகவும் அவரை ஏகாதிபத்திய ஆதரவாளர் என்போர் உண்டு. நாம் கேட்பது இதுதான்: வாக்குரிமையும் இல்லாத, அவையில் ஓர் உறுப்பினரும் இல்லாத மக்களுக்கு விண்ணப்பத்தைத் தவிர வேறெந்தச் சட்ட வழி திறந்திருந்தது?

1900இல் இலண்டனை நோக்கிப் புறப்பட்டவர் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி 1921இல் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினரானார். 1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பினரும் பொதுத்தெருவிலும் சாலையிலும் நடக்கலாம், பொதுக்கிணறு, குளம், சந்தை, அரசு அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம் என்றது. அது நிறைவேறி அரசாணையும் பிறந்தது. நடவாவிக் கிணற்றுக்கும் பெரிய ஏரிக்கும் பெயர்பெற்ற ஊரில் வாழும் நமக்கு, நீர்நிலைக்குச் செல்லும் உரிமை ஏன் ஒரு சட்டமன்றத் தீர்மானமாக வேண்டியிருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் நியமன உறுப்பினர் அரசின் விருப்பத்தால் அமர்பவர். மக்களின் வாக்கால் அமர்பவர் அல்லர். இந்தக் குறையை உணர்ந்தே 1930இலும் 1931இலும் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனும் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையும், ஒடுக்கப்பட்டோர் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியும் கோரினர். தனி வாக்காளர் தொகுதி என்பது நாம் இன்று தனித்தொகுதி என்று அழைப்பது அன்று. இன்றைய தனித்தொகுதியில் வேட்பாளர் மட்டுமே பட்டியல் சாதியினர்; வாக்காளர் அனைத்துச் சாதியினர். அவர்கள் கோரியதில் வேட்பாளரும் வாக்காளரும் ஒடுக்கப்பட்டோரே.

1932 ஆகஸ்ட் 16 அன்று வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு அவ்வுரிமையை வழங்கியது. பொதுத்தொகுதியிலும் வாக்களிக்கலாம் என்பதால் அது இரட்டை வாக்குரிமையாகவும் அமைந்தது. காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒப்பமிட்டோரில் சீனிவாசனும் ஒருவர். மாகாண அவைகளில் இடங்கள் 71இலிருந்து 148 ஆயின; சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன; மத்திய சட்டமன்றத்தில் 18 விழுக்காடு உறுதியானது. எண்ணிக்கை பெருகியது, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கைமாறியது. 1937 தேர்தலில் அந்த 30 இடங்களில் 26 காங்கிரசுக்குச் சென்றன.

ஒப்பந்தத்தில் ஒரு பாதுகாப்பு எஞ்சியிருந்தது. முதற்கட்டத் தேர்தலில் ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் நான்கு வேட்பாளர்களைத் தெரிவு செய்வர். அவர்களில் ஒருவரைப் பொது வாக்காளர் தேர்ந்தெடுப்பர். நம் அரசியலமைப்பு இட ஒதுக்கீட்டை ஏற்றது. முதற்கட்டத் தேர்தலை ஏற்கவில்லை. அதைக் காணச் சீனிவாசன் இல்லை. 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார்.

அன்று முதற்கட்டத் தேர்தல் செய்த வேலையை இன்று கட்சித் தலைமைகள் செய்கின்றன. தனித்தொகுதி வேட்பாளர் யார் என்பதைச் சேரி முடிவு செய்வதில்லை. தலைமையகம் முடிவு செய்கிறது. அவ்வாறு வென்றவர், தம்மைத் தேர்வு செய்த தலைமையை மீறி அவையில் நமக்காகப் பேசத் துணிவது அரிது. இதைத் தனி மனிதரின் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. தேர்தல் முறையே அவரை அங்கே நிறுத்துகிறது.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் நமக்குள்ள இட ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பின் 334ஆம் பிரிவு விதித்த காலவரம்பு 2030 சனவரியில் முடிகிறது. நீட்டிப்புச் சட்டம் விவாதத்துக்கு வருமுன், நீட்டிப்பை மட்டும் கேட்டு நாம் நின்றுவிடலாகாது. தனித்தொகுதி வேட்பாளரைத் தெரிவு செய்வதில் பட்டியல் சாதி வாக்காளருக்குச் சட்டப்படியான பங்கு வேண்டும் என்றும் கோர வேண்டும். இது புதிய கோரிக்கையன்று. பூனா ஒப்பந்தமே ஏற்றுக்கொண்டு, பின்னர் கைவிடப்பட்ட ஒன்று. கோழியாளத்துச் சீனிவாசன் தொடங்கிய வழக்கை விட்ட இடத்திலிருந்து நாம் தொடர்கிறோம்.