குளத்து நத்தையைத் தேடிய நெல்சன் அனன்டேல்

தலைவர்கள் பத்தி இந்த இதழ்ல நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் நத்தை தேடின ஒருத்தரைப் பத்தி எழுதுறேன்.

நெல்சன் அனன்டேல் 1876-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். அப்பா அறுவை சிகிச்சை டாக்டர். மகனுக்கோ பூச்சி, புழு, தவளை மேலதான் ஆசை! 1904-ல் கல்கத்தா வந்து இந்திய அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மூணே வருஷத்தில் அதுக்குப் பொறுப்பாளர் ஆயிட்டார். ஆனா நாற்காலியில உட்காரலை. ஒடிசாவில் சிலிகா, பர்மாவில் இன்லே, ஜப்பானில் பிவா என்று ஏரி ஏரியாகச் சுற்றினார். 1916-ல் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை தொடங்கியபோது முதல் இயக்குநர் அவர்தான்.

இனிமேதான் நத்தை கதை. முதல் உலகப் போரில் நம் நாட்டுச் சிப்பாய்கள் எகிப்துக்கும் மெசபடோமியாவுக்கும் போனார்கள். அங்கே பில்ஹார்சியா என்று ஒரு நோய் உண்டு. ரத்தத்தில் வாழும் ஒரு புழுவால் வருவது. அதோட குஞ்சு குளத்து நத்தைக்குள்ளே வளர்ந்து, தண்ணியில இறங்கி, குளிக்கிறவங்க தோலைத் துளைச்சிட்டு உள்ளே போயிடும். நத்தை இல்லைன்னா அந்தப் புழுவுக்கு வழியே இல்லை.

சிப்பாய்கள் ஊர் திரும்பினால் நோய் நம்ம குளங்களுக்கும் வந்துடுமோ? இதுதான் அன்னைக்கு இருந்த பயம். எந்தக் குளத்தில் எந்த நத்தை இருக்குன்னு தெரியாம பதில் சொல்ல முடியாது. அதனால் அனன்டேலும் கூட வேலை பார்த்தவர்களும் நாடு முழுக்க நன்னீர் நத்தைகளைச் சேகரித்து, அவற்றுக்குள் என்ன புழு இருக்கிறது என்று சோதித்தார்கள். அதன் அறிக்கை 1920-ல் வந்தது. பயந்த மாதிரி நோய் நாடு முழுக்கப் பரவவில்லை. ரொம்ப காலம் கழிச்சு, 1952-ல், மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டம் கிம்வி கிராமத்தில் மட்டும் கண்டுபிடித்தார்கள்.

அனன்டேல் 1924-ல் கல்கத்தாவிலேயே இறந்தார். வயசு 47 தான். அதை நினைச்சாதான் எனக்கு வருத்தமா இருக்கு.

அவர் காலத்துப் பட்டியல் இப்பவும் உதவுது. பைசா அக்யூட்டா என்று ஒரு குட்டி நத்தை. பேருக்கும் காசுக்கும் சம்பந்தமில்லை. வட அமெரிக்காவைச் சேர்ந்தது, மீன்தொட்டிச் செடிகளோடு பல நாடுகளுக்குப் போய், இந்தியாவுக்கும் வந்துவிட்டது. முன்னாடி என்ன இருந்ததுன்னு எழுதி வச்சதாலதான் இது புதுசுன்னு சொல்ல முடியுது. கண்டுபிடிக்க வழி இருக்கு. கூர்முனையை மேலே வைத்து, ஓட்டின் வாய் நம்மைப் பார்க்கிற மாதிரி பிடிக்கணும். நம்ம ஊர்க் கூர்முனை நத்தைகளுக்குப் பெரும்பாலும் வாய் வலப்பக்கம் இருக்கும். இதுக்கு இடப்பக்கம்.

தொப்பையாறு அணைக் கரையில் பொறுக்கின பதினோரு காலி ஓடுகளை அறிவியல் அறை மேசையில் வச்சிருக்கேன். இதுவரைக்கும் எல்லாமே வலப்பக்கம்தான்.