பிழை களைந்த பேரறிஞர்

நுழையும்முன்

உடலைக் கீறாமலேயே உள்ளுறுப்புகளைக் காட்டும் ஸ்கேன் படங்கள் இன்று மருத்துவத்தின் கண்களாக விளங்குகின்றன. கருவி திரட்டும் தரவுகளை அப்படியே அடுக்கினால் மங்கலான உருவமே கிடைக்கும். கணக்கீடே அம்மங்கலை நீக்குகிறது. அதற்கு எளிய வழி கண்ட இந்திய அறிவியலாளர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கோபாலசமுத்திரம் நாராயணன் இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1942இல் மின்பொறியியல் கற்கப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் சென்ற அவரது திறனைச் சர் சி. வி. இராமன் கண்டுணர்ந்து, இயற்பியலுக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற இராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார்.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடம்போல அமைந்தது என அவரும் கோபிநாத் கர்த்தாவும் கண்டறிந்தனர். அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன எனப் பிரான்சிஸ் கிரிக் முதலியோர் குறை கூறினர். இராமச்சந்திரன் அதனால் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்க இயலும் என்னும் வினாவையே ஆய்வுப்பொருளாக்கினார். அதன் பயனாக 1963இல் தம் மாணவர்களுடன் இணைந்து அவர் வெளியிட்ட ‘இராமச்சந்திரன் வரைபடம்’, புரத அமைப்புகளின் சரி பிழையைச் சோதிக்கும் உரைகல்லாக உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது.

அடுத்து அவர் கருத்தைக் கவர்ந்தது, நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் சிக்கல். உடலைப் பல திசைகளிலிருந்தும் ஊடுகதிரால் படமெடுத்து, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பரப்பினால் உள்ளுருவம் தோன்றும். ஆயினும் அது மங்கலாகவே இருக்கும். நெசவுக்குப் பெயர்பெற்ற அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் நூலோடு பழகியோர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஒரே புள்ளியின் வழியாகப் பல திசைகளிலும் நூல்களை இழுத்துக் கட்டினால், புள்ளியில் மட்டுமன்றி அதனைச் சுற்றியும் நூல் அடர்ந்துவிடும். மருத்துவப் படத்தில் இத்தகைய அடர்த்தி சிறு கட்டியையும் மறைத்துவிடக்கூடும்.

இம்மங்கலை நீக்க ஃபூரியர் உருமாற்றம் என்னும் நீண்ட கணக்கீடு தேவைப்பட்டது. அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. நிழலைப் பரப்பும் முன்பே, அதன் ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் அண்டை அளவீடுகளின் குறிப்பிட்ட பங்கைக் கழித்துவிட்டால், பின்னர்ச் சேரும் மிகை தானே நீங்கும் என்று இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் நிறுவினர். இவ்வடிப்பான் இருவர் பெயராலும் ‘ராம்-லாக்’ என வழங்குகிறது. அதே ஆண்டில்தான் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதன்முதலாக நோயாளி ஒருவரைப் படமெடுத்தது.

காந்தப்புலத்தால் இயங்கும் விரைவு எம்.ஆர்.ஐ. முறைகள் சிலவற்றில், தரவுகள் சக்கரத்தின் ஆரைகள்போலத் திரட்டப்படுகின்றன. அப்போது மையத்தில் மிகும் தரவுகளைச் சமன்செய்யும் கணக்கும் இதே அடிப்படையைச் சார்ந்ததே.

பெங்களூருவில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையை நிறுவிய இராமச்சந்திரன், 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார். பிழையை மறைக்காமல், வெறுக்காமல், அதன் இயல்பை அளந்தறிந்து களைவதே அறிவியல் நெறி என்பதற்கு அவர்தம் வாழ்வு சான்றாகும்.