16 வயசுக் குதிரையோட 16,000 கிலோமீட்டர்!

பைக்ல லடாக் போகணும்னு பிளான் இருக்கா? அப்போ எய்மே சிஃபெலியைத் தெரிஞ்சுக்கோங்க. சுவிட்சர்லாந்துக்காரர், அர்ஜென்டினாவில் ஸ்கூல் வாத்தியார். 1925 ஏப்ரலில் பியூனஸ் அயர்ஸிலிருந்து நியூயார்க்குக்குக் குதிரையில் கிளம்பினார்.

துணைக்கு மான்ச்சா, காட்டோன்னு ரெண்டு கிரியோயோ இனக் குதிரைகள். வயசு 16, 15. மத்த குதிரைங்க ஓய்வெடுக்கிற வயசுங்க அது! பைத்தியக்காரத்தனம்னு ஊரே சொன்னுச்சு. ஆனா, பட்டகோனியாவின் குளிரிலும் காஞ்ச புல்லிலும் வளர்ந்த உடம்பு அதுங்களுக்கு. ஒண்ணுல இவர் ஏற, இன்னொண்ணு மூட்டை சுமக்கும். ஆண்டீஸில் 5,000 மீட்டருக்கு மேலே குளிர், பெருவில் சுடுமணல். எல்லாத்தையும் தாண்டுச்சுங்க.

அமெரிக்காவில் கார் நெரிசல். காட்டோவை செயின்ட் லூயிஸில் விட்டுட்டு, மான்ச்சாவோட 1928 செப்டம்பரில் நியூயார்க் சேர்ந்தார்.

திரும்ப வேண்டிய கப்பல் 'வெஸ்ட்ரிஸ்'. குதிரைக் கண்காட்சிக்காகத் தங்கினதால அதைத் தவறவிட்டார். நவம்பரில் அந்தக் கப்பல் மூழ்கி நூறு பேருக்கு மேல் இறந்துபோனாங்க.

ரெண்டு குதிரைகளையும் அர்ஜென்டினாவுக்கே கூட்டிட்டு வந்தார். புல்வெளியில நிம்மதியா வாழ்ந்து, காட்டோ 1944-லயும் மான்ச்சா 1947-லயும் செத்துப்போச்சுங்க. சிஃபெலி இறந்தது 1954-ல. லுஹான் அருங்காட்சியகத்துக்குப் போனா, பாடம் செய்யப்பட்ட அந்த ரெண்டையும் இப்பவும் பார்க்கலாம்.