வீட்டு விடுப்பில் புனித சாவியோ

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் விடுமுறை நாளை எத்தனை ஆவலோடு எண்ணியிருப்பார்கள் என்பதை நாம் அறிவோம். புனித தோமினிக் சாவியோவும் விடுதி மாணவரே. இத்தாலியில் ஒரு கொல்லரின் மகனாய் 1842-ல் பிறந்த அவர், 1854 அக்டோபரில் தூரின் நகரில் புனித தொன் போஸ்கோவின் விடுதியில் சேர்ந்தார்.

1856 செப்டம்பரில் ஒருநாள் விடுப்புக் கேட்டு வீட்டிற்கு விரைந்தார். தாய் பிரிஜிதா பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தார். தாயைத் தழுவி, மாதாவின் உத்தரியத்தை அவர் கழுத்தில் அணிவித்துவிட்டு விடுதிக்குத் திரும்பினார். தாயும் சேயும் நலமடைந்தனர்.

அடுத்த விடுப்போ அவர் கேளாதது. உடல் நலிந்த அவரை மருத்துவரின் சொற்படி 1857 மார்ச் 1-ம் நாள் தொன் போஸ்கோ வீட்டிற்கு அனுப்பினார். விடுதியிலேயே இருக்க மனம் ஏங்கியும், சாவியோ கீழ்ப்படிந்து தந்தையோடு புறப்பட்டார். மார்ச் 9-ம் நாள் மொந்தோனியோ ஊரில், தந்தை அருகிருந்து செபம் வாசிக்க, தமது 14-ம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1954-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளை அன்போடு வரவேற்போம். சாவியோவைப்போல் தாய் தந்தையர்க்கு ஆறுதலாய் இருக்க அவர்களைப் பழக்குவோம்.