அண்ணாவியாரிடம் பாடம் கேட்ட பேராசிரியர்

ஈழத்துத் தமிழ் நாடகம் என்று பேச்செடுத்தால் விட்டுவிட முடியாத பெயர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் கற்கும் நாங்கள் அவரை நான்கு நாடகங்களின் பெயர்களாகவும் அவை மேடையேறிய ஆண்டுகளாகவும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த நான்கு பெயர்களுக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழக ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து செய்த பெரிய வேலை ஒன்று இருக்கிறது. படித்தவர்களிடமிருந்து படியாதவர்கள்தான் கற்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர்கள் தலைகீழாக மாற்றினார்கள். அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

வித்தியானந்தன் 1924ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்த வீமன்காமத்தில் பிறந்தார். உயர்கல்விக்காகக் கொழும்பு வந்தார். அது நல்ல காலம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகியது. அடுத்த ஆண்டு அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் சுவாமி விபுலாநந்தர் பொறுப்பேற்றார். எங்கள் கிழக்கு மாகாணத்துக் காரைதீவில் பிறந்த அவர் விஞ்ஞானம், இசை, நாடகம் எனப் பல துறைகளிலும் ஆழ்ந்தவர். சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்து மதங்க சூளாமணி எழுதியவரும் பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து யாழ் நூல் தந்தவரும் அவரே. அவருக்குப் பின் பேராசிரியரான க. கணபதிப்பிள்ளை, கிராமத்து மக்கள் வாயில் வழங்கும் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதியவர். அவர் எழுதிய நாடகங்களைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் நடித்தார்கள்.

இந்த இருவரிடமும் பாடம் கேட்டவர் வித்தியானந்தன். ஒருவரிடமிருந்து பழைய இலக்கியத்தை ஆழமாகப் படிக்கும் பயிற்சியையும், மற்றவரிடமிருந்து ஊர் மக்களின் மொழியை மதிக்கும் மனத்தையும் அவர் பெற்றுக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றிலும் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன.

பட்டப்படிப்பு முடிந்ததும் லண்டன் சென்று பத்துப்பாட்டை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். திரும்பி வந்து விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1953இல் இலக்கியத் தென்றல் வெளிவந்தது; அடுத்த ஆண்டு தமிழர் சால்பு வெளிவந்தது. சங்ககாலத் தமிழரின் வாழ்க்கையைச் சொல்லும் தமிழர் சால்பை இன்றும் தமிழ் மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். இந்த நூல்களோடு நின்றிருந்தாலும் நல்ல அறிஞர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் நிற்கவில்லை.

1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்மாறியது. மலையும் மகாவலியும் சூழ்ந்த அந்த வளாகத்தில் தமிழ்ச் சங்கம் சுறுசுறுப்பாக இயங்கியது. மாணவர்கள் இளங்கதிர் என்ற சஞ்சிகையை நடத்தினார்கள். அதில் ஆசிரியர்களும் எழுதினார்கள், மாணவர்களும் எழுதினார்கள். பேராசிரியர் கணபதிப்பிள்ளை நாடகம் எழுத, வித்தியானந்தன் அதை நெறிப்படுத்த, மாணவர்கள் நடிப்பார்கள். அப்படி நடித்த மாணவர்களுள் ஒருவர் கார்த்திகேசு சிவத்தம்பி. இளங்கதிரில் எழுதிப் பழகியவர்களுள் ஒருவர் கைலாசபதி. பின்னாளில் தமிழ் ஆய்வுலகமே திரும்பிப் பார்த்த இந்த இருவரும் விரிவுரை மண்டபத்தில் மட்டும் வளர்ந்தவர்கள் அல்லர். ஒத்திகை நடந்த இடத்திலும் சஞ்சிகைக்குக் கட்டுரை திருத்திய மேசையிலும் வளர்ந்தவர்கள்.

1956ஆம் ஆண்டு ஒரு முக்கியமான திருப்பம். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர தம் மாணவர்களைக் கொண்டு மனமே என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். சிங்களக் கிராமங்களில் ஆடப்பட்ட நாடகம என்ற வடிவத்தை எடுத்து, அதைச் செம்மைப்படுத்தி அவர் செய்த அந்த நாடகம் நாடெங்கும் பேசப்பட்டது. இதில் ஒரு புதுமையான செய்தி உண்டு. அந்த நாடகம என்ற வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து சிங்கள மக்களிடம் சென்றது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எங்களிடமிருந்து போனது அங்கே பெருமையோடு நிற்கிறது. எங்களிடமே இருப்பதோ ஊர்க்கோடியில் கிடக்கிறது. பேராதனையில் ஒரே வளாகத்தில் வாழ்ந்த வித்தியானந்தனின் மனதை இது தொட்டிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கூத்து என்றால் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அது பாமரர் ஆட்டம் என்றும், குறிப்பிட்ட சிலருக்கே உரியது என்றும் ஒதுக்கினார்கள். நகரத்து மேடைகளில் இந்திய நாடகங்களையும் சினிமாவையும் பின்பற்றிய நாடகங்களே நடந்தன. மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு ஆகிய இடங்களில் கூத்து உயிரோடு இருந்தாலும் அதைத் தாங்கி நின்ற அண்ணாவிமாருக்கு எந்த மதிப்பும் இருக்கவில்லை.

கூத்து எளிதான கலை அல்ல என்பதை எங்கள் ஆசிரியை வகுப்பில் விளக்கியபோதுதான் நான் அறிந்துகொண்டேன். மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை உண்டு. வடமோடியில் போர்க் கதைகளும் வேகமான ஆட்டமும் மிகுதி. தென்மோடியில் பாட்டுக்கு இடம் அதிகம். முதலில் அண்ணாவியார் நடிகருக்குப் பாத்திரத்தைத் தெரிந்து கொடுப்பார். இதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம் நடக்கும். சதங்கை அணிந்து ஆடும் விழாவும், அடுக்குப் பார்த்தலும், கடைசியாக அரங்கேற்றமும் நடக்கும். வட்டமான களரியைச் சுற்றிலும் ஊரே கூடியிருந்து விடிய விடியப் பார்க்கும். மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாருக்குத் தாளக்கட்டும் பாட்டும் ஆட்டமும் எல்லாம் மனப்பாடம். அவரும் ஒரு பல்கலைக்கழகம்தான். கட்டிடம் மட்டும் இல்லை.

வித்தியானந்தன் இதைப் புரிந்துகொண்டார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் ஊர் ஊராகச் சென்றார். கூத்துக்களை நேரில் பார்த்தார். அண்ணாவிமாரை ஒன்றுகூட்டி மாநாடுகள் நடத்தினார், அவர்களைப் பொது மேடையில் கௌரவித்தார். ஏட்டிலும் கையெழுத்துப் பிரதியிலும் இருந்த கூத்துக்கள் அச்சேறின. நாட்டுப் பாடல்கள் தொகுக்கப்பட்டன. அச்சேறியிராவிட்டால் அவற்றுட் பல இன்று எமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அதற்கு மேலும் ஒரு படி சென்றார். தம் மாணவர்களையே கூத்தாட வைத்தார். 1962இல் கர்ணன் போர் மேடையேறியது. மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார் அதற்கு ஆட்டம் பழக்கினார். பட்டதாரிகளாக வரவிருந்த பிள்ளைகள் ஒரு கிராமத்து அண்ணாவியாரின் முன்னே நின்று, அவர் சொன்ன தாளத்துக்குக் காலெடுத்து வைத்தார்கள். அவர்களுடைய பேராசிரியர் அருகிலிருந்து அதைக் கவனித்தார். இந்தக் காட்சியை நான் பலமுறை மனதில் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். அங்கே யார் ஆசிரியர், யார் மாணவர்?

1963இல் தென்மோடியில் நொண்டி நாடகமும், 1964இல் வடமோடியில் இராவணேசனும், 1968இல் வாலி வதையும் தொடர்ந்தன. இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது இராவணேசன். மட்டக்களப்பிலிருந்து சென்ற மாணவர் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். கம்பனின் யுத்த காண்டத்தை விரிவுரை மண்டபத்தில் படித்தவர்கள் அதே இராவணனைக் கூத்து மேடையில் எழுப்பினார்கள். இராமனின் எதிரி என்பதோடு நில்லாமல், மானமே பெரிதென்று எண்ணி அதனாலேயே அழிந்துபோகும் வீரனாக இராவணன் அங்கே காட்டப்பட்டான். பேரிலக்கியத்தை ஆசிரியரும் மாணவரும் பகிர்ந்துகொள்வது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டுக்கு உரை சொல்லி முடிப்பதோடு அது முடிந்துவிடுவதில்லை.

வித்தியானந்தன் கூத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுவரவில்லை. விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கினார். வட்டக்களரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடைக்கு மாற்றினார். ஒளியமைப்பும் உடையலங்காரமும் மாறின. இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. களரியை விட்ட கூத்து கூத்தே அல்ல, ஊர் மக்களிடமிருந்து எடுத்துக் கனவான்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று என் தோழிகள் சிலர் வாதாடினார்கள். புராணக் கதைகளையே எடுத்தார், நிகழ்கால மக்களின் பிரச்சினைகளைத் தொடவில்லை என்ற விமர்சனமும் அறிஞர்களிடையே உண்டு.

இந்த வாதங்களில் உண்மை இருக்கிறது. களரியைச் சுற்றியிருந்து பார்க்கும் ஊரவரின் நெருக்கம் மேடையில் இல்லைதான். ஆனாலும் நான் மற்றப் பக்கமே நின்றேன். அவர் சுருக்கிய கூத்தைப் பார்த்த பிறகுதான் படித்த பலர் முழுக் கூத்தையும் தேடிப் போனார்கள். அவரிடம் ஆடப் பழகிய மௌனகுருவே 1969இல் சங்காரம் என்ற நாடகத்தில் அதே வடமோடி ஆட்டத்தைக் கொண்டு உழைக்கும் மக்களின் போராட்டத்தைச் சொன்னார். ஆசிரியர் விட்ட இடத்தை மாணவர் நிரப்பினார். நல்ல ஆசிரியரின் வெற்றி அவர் முடித்து வைத்ததில் மட்டும் இல்லை, மாணவருக்குத் தொடங்கிக் கொடுத்ததிலும் இருக்கிறது.

அவருடைய பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைப் பல தடைகளுக்கிடையே முன்னின்று நடத்தினார். இறுதி நாளன்று நடந்த உயிரிழப்புகள் அவரை ஆறாத் துயரில் ஆழ்த்தின. 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரானார். நாடு தீப்பற்றி எரிந்த அந்த ஆண்டுகளில் ஒரு பல்கலைக்கழகத்தை மூடாமல் காப்பதே பெரும்பாடு. 1989 ஜனவரி 21ஆம் திகதி அவர் காலமானார்.

அவருடைய வாழ்க்கையை ஒரு முஸ்லிம் மாணவி ஏன் இவ்வளவு ஆர்வத்தோடு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. இதே இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையிலிருந்துதான் ம.மு. உவைஸ் என்ற மாணவர் தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியை முதுமாணிப் பட்டத்துக்காக ஆராய்ந்தார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். எங்கள் புலவர்கள் பாடிய காப்பியங்களும் கிஸ்ஸாக்களும் மசலாக்களும் முனாஜாத்துகளும் இன்று பாடத்திட்டத்தில் இருப்பதற்கு அவருடைய உழைப்பு ஒரு முக்கிய காரணம்.

ஆனால் ஏட்டில் எழுதப்படாதவை இன்னும் இருக்கின்றன. எங்கள் கிழக்கில் பொல்லடி என்னும் களிகம்பு ஆட்டம் இருக்கிறது. அதைப் பழக்குபவரையும் நாங்கள் அண்ணாவியார் என்றே அழைக்கிறோம். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கலியாண வீடுகளில் இப்போது அவரைக் கூப்பிடுவார் இல்லை. என் உம்மம்மாவுக்கு நூற்றுக்கணக்கான கவிகள் தெரியும். வயல் காவலுக்குப் போனவனை நினைத்துப் பாடியவை, தாய் மகளுக்குச் சொன்னவை, பிள்ளையைத் தூங்க வைத்தவை எல்லாம் அவருக்கு வாய்ப்பாடம். எழுதத் தெரியாத பெண்கள் கட்டிய கவிதைகள் அவை. வெளியாள் யாரும் கேட்டால் அதெல்லாம் என்ன பெரிய விசயம் என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார். கூத்தைப் பார்த்து அன்று முகம் சுளித்தவர்களைப் போல, இவற்றைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இன்று எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அதனால்தான் அந்த வெட்கம்.

கடந்த விடுமுறையில் நானும் இரண்டு தோழிகளும் அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் கவிகளைக் கேட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினோம். என் கொப்பியில் இப்போது அறுபத்தெட்டுக் கவிகள் இருக்கின்றன. சில சொற்களுக்குப் பொருள் எங்கள் ஆசிரியைக்கே தெரியவில்லை. உம்மம்மாவிடம் போய்க் கேட்டுத்தான் எழுதினோம். வித்தியானந்தன் இருந்திருந்தால் அதுதான் சரியான வழி என்று தலையசைத்திருப்பார் என்றே நம்புகிறேன்.

பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்குச் செய்யக்கூடிய மரியாதை அவருடைய நாடகங்களின் பெயரையும் ஆண்டையும் சரியாக எழுதிப் புள்ளி பெறுவதோடு முடிவதில்லை. தோழியரே, உங்கள் வீட்டிலும் ஓர் உம்மம்மா இருப்பார். உங்கள் ஊரிலும் ஓர் அண்ணாவியார் இருப்பார். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் அருகில் உட்காருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.